இசைப்புலமை இல்லா ஆசிரியரும் இளஞ்சிறார் இசைக்கல்வியும்

சிலப்பதிகாரத்துள் இசை பயிற்றுவார் இருதிறத்தார் காணப்படுகின்றனர். அரங்கேற்று காதையில் வரும் இசையாசிரியன் ஒருதிறம். யாழும் குழலும் சீரும் மிடறும் தாழ்குரல் தண்ணுமையும் ஆடலும் அறிந்து, ஆடலாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்பாரோடு ஒருங்கு நின்று, ஐயாண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவியை அரங்கேற்றும் தகுதியன் அவன். மற்றொரு திறத்தார் ஆய்ச்சியர் குரவையிலே காணப்படுவர். அங்கே இசையாசிரியன் என ஒருவனும் இலன். குடப்பால் உறையாமையும் உறிவெண்ணெய் உருகாமையும் கண்டு அஞ்சிய ஆயர் முதுமகள் ஒருத்தி, ஏறு வளர்த்த கன்னியர் எழுவரை அழைத்து, மேற்றிசை தொடங்கி இடமுறையாக நிறுத்தி, அவர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிடுகின்றாள். அவ்வளவே பயிற்சி, குரவை தொடங்கிவிடுகின்றது.

உரையாசிரியன்மார் இவ்விடத்து வட்டப்பாலையும் இடமுறையும் பற்றி விரித்தனர். பின்வந்த ஆராய்ச்சியாளரும் அவ்வழியே சென்று, எழுவர் நின்ற நிலையினின்று பண்ணுப்பெயர்ப்பைக் கணக்கிடுவதிலே கருத்தூன்றினர். அது வேண்டுவதே. ஆயினும், பெயரிட்டவள் யாவள் என்னும் வினாவை ஒருவரும் எழுப்பினதாக யாம் அறியோம். மோர் விற்றும் ஆனிரை புரந்தும் வாழ்ந்த ஒரு முதுமகள், இசையைத் தொழிலாகக் கொள்ளாதவள், சிறுமியரை ஏழிசையாக நிறுத்தவல்லள் என்பதை இளங்கோவடிகள் வியப்பாகக் கூறவில்லை, வழக்காகவே கூறினார். 'தொன்றுபடு முறை' என்னும் அவர் குறிப்பும் அதனையே வலியுறுத்தும்.

தொடக்கப் பள்ளியில் கணக்கும் மொழியும் பிறவும் ஒருவரே நடத்தும் வகுப்பாசிரியர், இசையில் தனிப்பயிற்சி இல்லாதவர், இளஞ்சிறார்க்கு இசை பயிற்ற இயலுமா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இயலும் என்பார்க்கும் இயலாது என்பார்க்கும் வரலாற்றிலே சான்றுண்டு. இவ்வினாவிற்குப் பெரும்பொருள் செலவிட்டு ஒரு நூற்றாண்டு முழுதும் விடை தேடிய நாடு இங்கிலாந்து. அவ்வரலாற்றின் ஒரு கிளைவேர் சென்னையில் ஊன்றியிருத்தலின், தமிழாராய்ச்சி இதழில் அதனைக் கூறுதல் புறம்பாகாது என்க.

முன்னர் ஒன்று கூறிவிடல் வேண்டும். யாம் தொடக்கக் கல்வி பயின்ற பள்ளியில் இசையாசிரியர் இலர். ஆண்டுவிழாவிற்குப் பதினைந்து நாள் இருக்கும்பொழுது வகுப்பாசிரியர் எம்மை வரிசையாக நிறுத்தி வாழ்த்துப் பாடல் பயிற்றுவார். ஒருநாள் எம்மையும் எம் அருகு நின்ற இருவரையும் சுட்டி, 'நீங்கள் மூவரும் வாயை மட்டும் அசையுங்கள். ஓசை வேண்டாம்' என்றார். அவர் நல்லாசிரியர், மாணாக்கர்பால் பேரன்புடையவர். கணக்கிற் பிழை செய்தானைக் கணக்குப் போடாதே என்று அவர் என்றும் கூறினாரல்லர். பாட்டிற் பிழை செய்தானை மட்டும் பாடாதே என்றார். கணக்கைக் கற்பித்தல் கூடும் எனவும், இசை பிறவியிலேயே வாய்த்தல் வேண்டும் எனவும் அவர் நம்பினமையே இதற்குக் காரணம். அந்நம்பிக்கை உண்மைதானா என்று ஆராயவே இக்கட்டுரை எழுந்தது எனினும் இழுக்கில்லை.

சென்னை எழும்பூரில், படைவீரர்தம் ஆண்மக்களுக்கென ஒரு காப்பகம் 1789ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் மேற்பார்வையாளராக அமர்ந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார். 'மலபார்' பள்ளி ஒன்றில் சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அந்நாளைய ஐரோப்பியர் தமிழரையும் மலபாரியர் என்றே எழுதினராதலின், அது நம் திண்ணைப் பள்ளியே என்பது தெளிவு. அம்மணலைத் தம் காப்பகத்திற் புகுத்த முயன்றபொழுது அங்கிருந்த உதவியாசிரியர் உடன்பட்டிலர். பெல், ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் தன்னினும் இளையார்க்கு எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அவன் அதனைச் செவ்வனே செய்தான். 1796இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டு இம்முறையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் இம்முறை, 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

மணலைத் தமிழரிடம் கண்டதாகக் கூறிய பெல், சிறுவனை ஆசிரியனாக்கியதைத் தம் கண்டுபிடிப்பாகவே கூறினார். திண்ணைப் பள்ளியிற் சட்டாம்பிள்ளை என்பான் நெடுங்காலமாக இருந்தவன், உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றிலும் அவனைக் காணலாம். பெல் அவனைக் கண்டாரா, காணாமலே தாமும் அம்முடிபிற்கு வந்தாரா என்பது வழக்காடற்குரியது. இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பார் 1798இல் தொடங்கிய பள்ளியிலும் இதனையொத்த முறை நடைபெற்றது. முதன்மை எவர்க்கு என்று இருசாராரும் பன்னாள் பூசலிட்டனர். எல்லாம் தமிழகத்தினின்றே சென்றன என்று கூறி மகிழ்வார் நம்முள் உளர். அம்மகிழ்ச்சிக்கு இங்கே ஓரளவே இடமுண்டு. மணல் சென்றது உறுதி. சட்டாம்பிள்ளை சென்றிருத்தல் கூடும். நம் திண்ணைப் பள்ளியின் மூன்றாவது கூறாகிய ஓசை மட்டும் செல்லவில்லை. ஆத்திசூடியையும் எண்சுவடியையும் நிகண்டையும் ஒருவன் முன்னே சொல்ல ஏனையோர் ஒருகுரலாக இசைத்து ஓதும் அவ்வழக்கைப் பெல் பொருட்படுத்தினாரல்லர். செவிக்கு எட்டியும் கருத்திற்கு எட்டாதவற்றுள் அதுவும் ஒன்று போலும்.

அவ்வாறு விடுபட்ட ஓசையை அம்முறைக்குட் புகுத்தியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 1815ஆம் ஆண்டையொட்டிப் பாரிசு நகரில், பெரிதும் லங்காஸ்டரின் வழியைப் பின்பற்றி, மாணாக்கர் ஒருவர்க்கொருவர் கற்பிக்கும் பள்ளிகள் தோன்றின. 1819 முதல் அப்பள்ளிகளில் இசை பயிற்றியவர் வில்லெம் என்பார். நூற்றுக்கணக்கான சிறார்க்கு ஓர் ஆசிரியர். நூல் வாங்கப் பொருளில்லை. ஆதலின் பெரிய அட்டைகளில் இசைக்குறிகளை எழுதிச் சுவரில் தொங்கவிட்டார். சிறார் குழுக்குழுவாக அவற்றைச் சூழ்ந்து நிற்பர். முன்னே பயின்ற சிறுவன் கோலாற் சுட்ட ஏனையோர் பாடுவர். இசைப்புலவரே அல்லாத சிறுவர், சிறுவர்க்கு இசை பயிற்றினர். எழும்பூரின் மணற்பரப்பு பாரிசின் சுவரட்டையாக மாறிய வரலாறு இது. இடையே கைம்மாறிய கைகள் பலவாயினும் தொடர்பு அறவில்லை.

இங்கிலாந்தின் அரசு, கல்விக்கென ஒரு குழுவை 1839ஆம் ஆண்டில் அமைத்தது. அதன் செயலாளராகிய ஜேம்ஸ் கே, பின்னர்க் கே-ஷட்டில்வொர்த் எனப் பெயர் பெற்றவர், தொழிலாளர் மக்கள் பாடப் பழகுதல் வேண்டும் எனக் கருதினார். இசையின்பம் அவர்க்கு முதல் நோக்கமன்று. பாடுபவன் கள்ளுக்கடைக்குச் செல்லான் என்பது அவர் எண்ணம். பாரிசு முறையை ஆங்கிலத்திற்கு ஏற்ப மாற்றும் பணி ஜான் ஹல்லா என்னும் இளைஞர்க்குக் கிடைத்தது. டிக்கன்சு எழுதிய இசைநாடகம் ஒன்றிற்கு 1836இல் இசையமைத்தவர் அவர். 1840இல் பேட்டர்சி ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும், 1841 பிப்ரவரி முதல் இலண்டன் எக்சிட்டர் மண்டபத்திலும் வகுப்பு நடத்தினார். எக்சிட்டர் மண்டப வகுப்புகள் பள்ளியாசிரியர்க்கென்றே ஏற்பட்டவை. பகலெல்லாம் சிறாரோடு உழன்ற ஆசிரியர் மாலையில் வந்து தாமும் மாணாக்கராக அமர்ந்து பாடினர். பின்னர்ப் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் வந்தனர்.

ஊக்கம் பெரிதாயிருந்தது, முறையிலே குறையிருந்தது. தோ, ரே, மீ, ஃபா, சோ, லா, சீ என்னும் ஏழு பெயரும் ஹல்லாவின் முறையில் குறித்த சுருதிகட்கே உரியவை. தோ என்பது என்றும் ஒரே சுருதி. பாடல் எங்குத் தொடங்கினும் அது பெயராது. முதற்பாடங்கள் எளியவாயிருந்தன. ஆதாரம் மாறிய பாடல் வந்தவுடன் அரைச்சுரங்களின் இடம் மாறிற்று. பெயரும் செவியும் ஒன்றோடொன்று முரணின. இசைவல்லார் அவ்விடர்ப்பாட்டைப் பழக்கத்தாற் கடந்தனர். இருபது மாலை கற்றுவிட்டுத் தம் சிற்றூர்ப் பள்ளிக்குத் திரும்பிய வகுப்பாசிரியர் அங்கேயே நின்றுவிட்டார்.

தமிழ் படிப்பார்க்கு இவ்விடர் விளங்குதலே அரிது. பாடுவோன் தன் மிடற்றிற்கு ஏற்ற இடத்திற் சட்சத்தை நிறுத்திக்கொள்வது நம்மவர் வழக்கு. சட்சம் என்பது ஓர் ஒலியின் பெயரன்று, ஒலிகளுக்கிடையே உள்ள உறவின் பெயர் என்பதை நாம் தனியே கற்பதில்லை. குரல் குரலாகச் செம்பாலையும், துத்தம் குரலாகப் படுமலைப்பாலையும், கைக்கிளை குரலாகச் செவ்வழிப்பாலையும் பிறக்கும் என்று கூறும் மரபு இவ்வுறவறிவின்மேலே நிற்பது. செம்பாலை இன்றைய இராகங்களுள் யாது என்பதில் ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். உறவே அடிப்படை என்பதில் வேறுபாடில்லை.

இவ்வுறவறிவை இங்கிலாந்துப் பள்ளிகட்குத் தந்தவர் ஓர் அம்மையார். நாரிச்சு நகரில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்த சாரா குளோவர் (1786-1867) ஏழைச் சிறுமியர்க்குப் பாடக் கற்பித்து வந்தார். ஐந்து கோடும் புள்ளியும் கொண்ட ஐரோப்பிய இசைக்குறியைச் சிறுமியர்க்கு முதலிற் காட்டுதல் தகாது என்பது அவர் துணிபு. ஏழு பெயரின் முதலெழுத்தையே குறியாகக் கொண்டார். சோ, சீ என்னும் இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கி மயக்கம் தருதலின், சீ என்பதைத் தீ என மாற்றினார். இவ்வெழுத்துகளை மேலிருந்து கீழாக ஓர் ஏணிபோல் எழுதிச் சுவரில் மாட்டினார். அவ்வேணியில் தோவின் இடம் நிலையுடையதன்று. எச்சுருதியிலும் அதனை நிறுத்தலாம். 1835ஆம் ஆண்டு நாரிச்சில் வெளியான அவர்தம் நூல், திருச்சபையார் அனைவரும் ஒருங்கு பாடுதற்கு வழி கூறுவதாகவே தலைப்பிடப்பெற்றது. நாரிச்சுக்கு வெளியே அதனை அறிந்தார் சிலரே.

முதலெழுத்தைக் குறியாகக் கொள்ளும் இச்செயலை நோக்குங்கால், ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் நெட்டெழுத்து ஏழினையும் ஏழிசைக்கு உரியவாகக் கூறும் நம் நிகண்டு மரபு நினைவிற்கு வருதல் இயல்பே. ஒன்றினின்று மற்றொன்று பிறந்தது என்று கூற இடமில்லை. ஒலி ஏழாகவும் எழுத்து ஏழாகவும் இருத்தல் வேண்டும், ஒன்றனோடு ஒன்று மயங்குதல் கூடாது என்னும் தேவை இரு நாட்டிலும் ஒருதன்மைத்தாயிருந்தது என்பதே கொள்ளத்தக்கது. நெட்டுயிர் பாடுதற்கே ஏற்ற ஒலியாதலின் நம் முறைக்கு ஒரு சிறப்பு மிகுதியும் உண்டு. 

இனி, இக்கட்டுரையின் தலைமகனாகக் கொள்ளத்தக்க ஜான் கர்வன் (1816-1880) என்பாரைப் பற்றிக் கூறுவோம். யார்க்சயரில் ஹெக்மண்ட்வைக் என்னும் ஊரிற் பிறந்த இப்பாதிரியார் சிறாரை ஈர்க்கும் ஆற்றல் மிக்கவர். ஆனால் பாட அறியார். நண்பர் உதவியுடன் முயன்றும் இசைக்குறியைப் படிக்க அவரால் இயலவில்லை. ஹல் நகரில் 1841ஆம் ஆண்டு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆசிரியர் மாநாடு ஒன்று கூடிற்று. சிறார்க்கும் மக்கட்கும் இசை பயிற்றுதற்கு மிக எளிய வழி யாது எனக் கண்டு பரப்புமாறு அம்மாநாடு கர்வனையே பணித்தது. இசை அறியாத ஒருவரிடம் இசை கற்பிக்கும் முறையைத் தேடும் பொறுப்பை அளித்தவர்கள் அறிந்து செய்தனரா, அறியாது செய்தனரா என்பது தெரியவில்லை. செய்தது நன்றாயிற்று. குளோவர் நூலைக் கொண்டு தாமே பயின்ற கர்வன், சின்னாளிலே வழிபாட்டுப் பாடல் ஒன்றைக் குறிகொண்டு தாமே பாடி அறிந்தார். பன்னாள் பிறர் கற்பித்தும் வாராத ஒன்று அவ்வேணியால் வந்தது.

இசைப்புலவர் தாம் கற்ற வழியை மறந்தவர். இளமையிலேயே செவிவழி வந்துவிட்ட ஒன்றை, வாராதவன் எங்கே இடறுகின்றான் என்று அவர் காணமாட்டார். கர்வன் ஒவ்வொரு படியிலும் தாமே இடறியவராதலின் படிகளை அறிவார். ஆதலின் குளோவரின் முறையை அவர் வாளா வாங்கிக்கொள்ளவில்லை, பலவற்றை மாற்றினார். அம்மாற்றங்கள் அனைத்தையும் அம்மையார் ஏற்றிலர். தம் குழந்தை பிறர் வீட்டில் வேற்றுடை உடுத்து வளர்வதைக் கண்ட தாயின் நிலை அவர்க்கு. ஆயினும் இருவர்க்கும் பகை நேர்ந்ததில்லை. ஏணியைக் கர்வன் விரிவாக்கிப் பள்ளிதோறும் தொங்கவிடும் அட்டையாக்கினார். தாள அளவுகட்குப் பிரெஞ்சு நாட்டினின்று பெற்ற சொற்கட்டுகளை வழங்கினார். 1870ஆம் ஆண்டையொட்டிக் கையடையாளங்களைச் சேர்த்தார். மடக்கிய முட்டி தோ. சுட்டி மேனோக்கிய விரல் தீ. ஆசிரியர் வாய் திறவாமலே கையால் ஒரு பாட்டை எழுப்பலாம்.

கர்வனின் பயிற்றுநெறியுள் எம்மை மிகக் கவர்ந்த விதி, ஆசிரியர் மாணாக்கரோடு சேர்ந்து பாடுதல் கூடாது என்பது. ஒரு சிறு தொடரை மெல்லப் பாடிக் காட்டி நிறுத்துதல் வேண்டும்; மாணாக்கர் கேட்டபின் தாமே பாடுதல் வேண்டும். ஆசிரியரின் பெருங்குரல் மாணாக்கரின் பிழையை மறைக்கும். தம் செவியைத் தாம் நம்பாது அவர் குரலைப் பற்றிக்கொண்டு நடப்பர். இது நல்ல குரல் படைத்த ஆசிரியர்க்கும் பொருந்துமாயினும், குரல்வளம் இல்லாதார்க்கு இஃது ஒரு விடுதலையாயிற்று. ஒரு தொடரைப் பிழையின்றிக் காட்டவல்ல மிடறும், சுருதி தரும் ஒரு கவையும், சுவரில் ஓர் அட்டையும், கையில் ஒரு கோலும் போதும். மேலும், ஒவ்வொரு சுரத்திற்கும் ஓர் உணர்வு கூறினார் கர்வன்: தோ உறுதியுடையது, மீ அமைதியுடையது, லா துயருடையது எனப் பிறவும். இசையாராய்ச்சியார் இதனை நகைப்பர். நம் நிகண்டுகள் ஏழிசைக்கு உயிர்களின் ஒலியையும் சுவைகளையும் உவமை கூறுதலை நகையாதார் இதனையும் நகைத்தல் கூடாது. சிறுவனுக்கு ஒலியின் அதிர்வெண் பற்றாது, துயரம் பற்றும்.

இதற்கெனச் சங்கம் ஒன்று 1853இலும், கல்லூரி ஒன்று 1869இலும் தோன்றின. படிப்படியான தேர்வுகள் ஏற்பட்டன. அத்தேர்வுகளுள் அட்டையைப் பார்த்துத் தனித்துப் பாடல் வேண்டும். கூட்டத்துள் மறைந்து வாயசைக்க இடமில்லை. ஒவ்வொருவனும் பாடவல்லன் என்னும் துணிபின்மேல் எழுந்த தேர்வு அது. எம் பழைய வகுப்பாசிரியரை நினைந்தே இதனை எழுதுகின்றோம்.

அரசின் பணம் உள்ளே புகுந்தவுடன் வரலாறு வேறு திசையிற் செல்கின்றது. 1862ஆம் ஆண்டின் திருத்திய விதித்தொகை, தேர்ச்சிக்கேற்ற கூலி என்னும் கொள்கையைக் கொண்டது. படிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றற்கே மானியம் வகுத்தமையின், பல பள்ளிகளிற் பாட்டு ஒலி அடங்கிற்று. இது தவறென்று கண்டு, 1870களின் தொடக்கத்தில், பாட்டுப் பயிற்றாத பள்ளிக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் குறைத்தனர். 1872இல் ஹல்லா ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளின் இசை ஆய்வாளரானார். தம் நிலைத்த தோவை அவர் கடைசிவரை விட்டாரல்லர். பள்ளியாசிரியர் பெரும்பாலார் அதனை விட்டுக் கர்வனிடம் சென்றுவிட்டனர். பின்னர் 1882இன் விதித்தொகை, செவிவழிப் பாடும் பள்ளிக்குத் தலைக்கு 6 பென்சும், குறிவழிப் பாடும் பள்ளிக்கு 1 ஷில்லிங்கும் வகுத்தது. அதாவது, கேட்டுப் பாடுதல் படித்துப் பாடுதலில் சரிபாதி என்று அரசு விலை கட்டிற்று. ஹல்லாவின் இடத்திற்குத் தூய பவுல் பேராலயத்தின் இசைஞர் ஜான் ஸ்டெய்னர் வந்தார். கர்வன் வழியினராகிய மெக்நாட் அவர்க்குத் துணையாயினார்.

அவ்விலையின் நன்மையை மறைத்தல் கூடாது. எழுத்தறிவே புதிதாகப் பெற்ற தொழிலாளர் மக்கள் பல்லாயிரவர் இசைக்குறியைப் படிக்கக் கற்றனர். அந்நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்திலும் வேல்சிலும் பெருகிய கூட்டுப்பாடற் குழுக்கள் அதன் விளைவே. தீமையும் உண்டு. பள்ளிக்கு வரும் ஆய்வாளர் பொதுக்கல்விக்கு அமர்ந்தவர், இசைக்கென அமர்ந்தாரல்லர். அவரை நிறைவித்தற்குரிய அளவே பயிற்சி என்றாயிற்று. அட்டையின்மேற் கோல் செல்லும் வழியே பாட்டாகிவிட்டது. எளிமைக்கென வந்த கருவி, தேர்விற்கென நின்றது. கர்வன் 1880இல் மறைந்தமையின் இந்நிலையை அவர் காணவில்லை. தேர்ச்சிக்கேற்ற கூலி 1890களில் படிப்படியாக ஒழிந்தது.

ஆங்கிலேயர் பின்னர் நெகிழவிட்ட இம்முறையை ஹங்கேரி நாட்டு இசைமேதை கோதாய் (1882-1967) எடுத்துக்கொண்டார். கர்வனின் கையடையாளமும் இயங்கும் தோவும் இன்று உலகெங்கும் கோதாயின் பெயராலேயே அறியப்படுகின்றன. அவர் கொள்கை ஒருவகையில் எம் கருத்திற்கு மாறானது. சிறுவர்க்குக் கற்பிப்பவரே மிகச் சிறந்த இசைப்பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்தியது. அதனை மறுக்க யாம் புகவில்லை. தனியாசிரியரை அமர்த்த இயலும் நாடு அமர்த்துக. இயலாத இடத்தில், வல்லார் வரும்வரை சிறார் ஊமையாய் இருத்தல் வேண்டுமா என்பதே எம் வினா.

நம் நாட்டில் இவ்வினா தமிழாசிரியரை நேரே சாரும். மயிலாடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் சேர்ந்த சாமிநாதையர், தந்தையார் விருப்பப்படி, நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்று வந்தார். அஃதறிந்த பிள்ளையவர்கள், இசையிற் பழக்கம் மிகின் இலக்கண இலக்கியத்தில் அறிவு ஊன்றாது என்னும் கருத்தினைப் புலப்படுத்தவே, ஐயர் அப்பயிற்சியை நிறுத்திவிட்டார். பிள்ளையவர்கள்மேற் குறை கூறுதல் எம் நோக்கமன்று; தம்மிடம் வந்த மாணாக்கரின் கருத்துச் சிதறலாகாது என்பதே அவர்க்குக் கவலை. ஆயினும் இயலும் இசையும் இரு வீடாகப் பிரிந்துபோன நிலைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. வெண்பாவைச் சங்கராபரணத்திற் படிக்கும் பழைய புலவர் வழக்கு எச்சமாக நின்றது. அதுவும் இப்பொழுது அருகிவிட்டது. இன்று தமிழ்ப் பட்டம் பெற்றுப் பள்ளிக்குச் செல்பவர் செய்யுளை உரைநடைபோற் படித்துக் காட்டுவர். தமக்கு இசை தெரியாது என்பதை அடக்கமாகவும் கூறுவர்.

ஆசிரியப் பணியினின்றே தமிழிசை ஆராய்ச்சி பிறந்தமைக்கும் சான்றுண்டு. 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியராகவே வாழ்வைத் தொடங்கியவர்; பின்னரே மருத்துவரானார். இசை அவர்க்குக் குலத்தொழிலன்று. 2022ஆம் ஆண்டு தமிழகத் தொடக்க வகுப்புகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாட்டும் ஆட்டமும் இடம்பெற்றுள்ளன. அப்பாட்டு எழுத்தையும் எண்ணையும் சுமந்து செல்லும் வண்டியாக நிற்கின்றது. ஏழிசை அவ்வண்டியில் இன்னும் ஏறவில்லை. ஏற்றுதற்கு இசைமேதை வேண்டுவதில்லை என்பதை நாரிச்சு ஏணியும் ஆயர் முதுமகளும் காட்டுகின்றனர்.

சென்ற ஆண்டு முதுகலை மாணாக்கர்க்கு ஆய்ச்சியர் குரவை கற்பிக்குங்கால், உரையை மட்டும் படித்துச் செல்ல எமக்கு மனம் வரவில்லை. எழுவரை எழுப்பி வட்டமாக நிறுத்தி ஏழு பெயரையும் இட்டோம். இசை கற்ற மாணாக்கி ஒருத்தி முதற்குரலைத் தந்தாள். ஏனையோர் தத்தம் ஒலியை அதனோடு ஒப்பிட்டுப் பிடித்தனர். யாம் பாடவில்லை, கையாற் சுட்டியதே எம் செயல். குரலாக நின்றவளை விட்டுத் துத்தமாக நின்றவளிடம் தொடங்கி வட்டத்தைச் சுற்றியபொழுது, படுமலைப்பாலை என்று ஏட்டிற் படித்தது செவியிற் கேட்டது. பதினைந்து ஆண்டு இப்பகுதியைக் கற்பித்த எமக்கும் அன்றுதான் கேட்டது.

விளரியாக நின்ற மாணாக்கன் முதலில் வர மறுத்தான். பள்ளியில் தன்னைப் பாடவேண்டா என்றனர் என்று கூறினான். குரவைப் பகுதியில், குரல் மந்தமாகவும் இளி சமனாகவும் துத்தம் வலிவாகவும் நிற்க, வலியற்ற மந்தத்தில் விளரியைப் பற்றுவாள் ஒருத்தி பின்பாட்டு எடுப்பாள் என்னும் குறிப்பு வருகின்றது. அது தானநிலை பற்றிய இலக்கணமேயன்றிக் குரல் மெலிந்தாளைப் பற்றியதன்று. அங்ஙனம் வலிந்து பொருள் கொள்ளுதல் ஆராய்ச்சியாகாது. ஆயினும் அவ்வடியை அவனுக்குக் காட்டினோம். மெல்லிய ஒலியில், இருமுறை தவறி, மூன்றாம் முறை அவன் விளரியைப் பிடித்தான். தாரமாக நின்றவள் அவனிடமிருந்தே தன் ஒலியை எடுத்துக்கொண்டாள்.